ஸ்கேல் அக்காவின் மூச்சு

படுக்கை விரிப்பை ஒருத்தியாகவும் மடிக்கலாம், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அதற்குப் பெயர் மடிப்பு இல்லை, சுருட்டல். ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். இஸ்திரி ரோலரிலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர வேண்டும். துணி விறைத்ததும் ஒரே நேரத்தில் உதற வேண்டும். உதறும்போது இரண்டு பேர் வாயிலிருந்தும் "ஹா" என்று காற்று போகும். யாரும் சொல்லித் தருவதில்லை, தானாக வரும். பிறகு பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, எதிரெதிரே நடந்து வந்து அவள் கையிலிருக்கும் முனையை நான் வாங்கிக்கொள்வேன். ஓட்டலின் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் இதைத்தான் செய்கிறோம். என் வீட்டுக்காரர் எதிரே நான் நின்ற நேரம் மொத்தத்தையும் கூட்டினாலும், அவள் எதிரே நின்ற நேரத்தில் பாதி தேறாது.

அவளை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்பார்கள். அவள் அடுக்கிவைத்த துணியின் ஓரத்தில் ஸ்கேலே தேவையில்லாமல் கோடு போடலாம், அப்படி ஒரு நேர். எனக்கு வைத்த பெயர் பட்டாசு. காரணம் கேட்காதீர்கள், போகப்போகத் தெரியும்.

அவள் மகளின் பிரசவ அறைக்குள் அக்காவால் போய் நிற்க முடியுமா, முடியாதா என்பதுதான் பல மாதமாக எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கவலையாக இருந்தது. இதில் என்ன கவலை, பெற்ற தாய் போய் நிற்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் மேஸ்திரியும் அப்படித்தான் கேட்டார். அதனால் தீயிலிருந்தே தொடங்குகிறேன்.

டிரையருக்குப் பின்னால் சேர்ந்த பஞ்சுத் தூசியில் பிடித்த தீ அது. பெரிய தீ இல்லை, ஆனால் புகை பெரிசு. அலாரம் அடித்ததும் நாங்கள் எல்லோரும் மேலே ஓடினோம். அக்கா அப்போது துணி அறைக்குள் இருந்தாள். சுவரோடு சுவராக அலமாரி வைத்த, ஜன்னல் இல்லாத அறை. ஓடுகிற அமளியில் ஈரத் துணி ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று உருண்டுபோய் அந்தக் கதவை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஈரத் துணியின் கனம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், இரண்டு ஆள் சேர்ந்தால்தான் வண்டி அசையும். அவள் தட்டியிருக்கிறாள், கத்தியிருக்கிறாள். அலாரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு விரிப்பை மூக்கோடு வாயோடு சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டாள். தீயணைப்புக்காரர்கள் வந்துதான் திறந்தார்கள்.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். "ஆயுசு கெட்டி" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவளும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அழவில்லை, புலம்பவில்லை. அவளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று எனக்கு வேறு உபதேசம்.

எனக்கு மட்டும் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. விரிப்பின் மறுமுனையில் நிற்கிறவளுக்கு எதிரே நிற்பவளின் மூச்சு தெரியும். துணி சொல்லிவிடும். உதறும்போது என் பக்கம் விறைத்து எழும்பும், அவள் பக்கம் தொங்கும். கை வீசுகிறது, காற்று வரவில்லை. "ஹா" என்ற சத்தமே அவளிடம் நின்றுபோயிருந்தது. மூச்சை உள்ளே வைத்துக்கொண்டே ஷிஃப்ட் முழுக்க வேலை பார்த்தாள்.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வீட்டில் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. குளிக்கும்போதுகூட தாழ் போடுவதில்லை, இன்றைக்கும் போடுவதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். பக்கத்து வீட்டில் தட்டு விழுந்தால் இவள் எழுந்து நிற்கிறாள். கையை எப்போது தொட்டாலும் ஐஸ். தும்மல் வந்தால் முகத்தில் துணியை வைக்க முடியாமல் வெளியே ஓடுகிறாள். கேட்டால், "ஒண்ணுமில்லடி, தூக்கம் சரியில்ல" என்பாள்.

இந்த நிலைமையில்தான் மகள் உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன, இருப்பது இந்த ஒரே மகள்தான். மருமகன் கப்பலில் வேலை. பிரசவ சமயத்தில் அவன் எந்தக் கடலில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுவார்கள். மூக்கும் வாயும் மறைய முகக்கவசம் கட்ட வேண்டும், அறைக் கதவு மூடியிருக்கும். "அம்மா, நீதான் என்கூட உள்ள வரணும்" என்று மகள் கேட்டாள். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் உடை மாற்றும் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால முடியாதுடி. வாய மூடிக்கட்டி, கதவையும் மூடினா நான் செத்துடுவேன். அவகிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் மேஸ்திரிக்குக் கஞ்சி என்று பெயர். மேஜை விரிப்புக்குக் கஞ்சி போடுவதில் மன்னன், ஆளும் கஞ்சி போட்டுக் காயவைத்த மாதிரி விறைப்பாகத்தான் நிற்பார். மனசு மோசம் இல்லை. அக்காவுக்கு ஒரு உதவி செய்ய வேண்டும் என்று அவராகவே முடிவெடுத்தார், அதுதான் வினை. தலையணை உறை எடுத்துவரச் சொல்லி அவளைத் துணி அறைக்குள் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, வெளியே சாய்ந்துகொண்டு நின்றுவிட்டார். பயந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தால் பயம் தெளிந்துவிடுமாம்.

நான் தள்ளுவண்டியோடு வரும்போது மனுஷன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். "பாத்தியா பட்டாசு, உள்ள சத்தமே இல்ல. சரியாயிடுச்சு."

சத்தம் இல்லை என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமா? நான் அவரைத் தள்ளிய தள்ளில் அவர் கஞ்சி வாளியில் போய் விழாதது அவர் செய்த புண்ணியம். கதவைத் திறந்தால், அக்கா இரண்டு அலமாரிக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. அவளை வெளியே கொண்டுவந்து உட்காரவைத்துப் பேச்சு வரவழைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ரத்தக் கறைய வெந்நீர்ல போடாதேன்னு புதுசா வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்களே. போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"கறை துணியோட ஒட்டிக்கும்" என்றார்.

"அப்புறம் அவளை மட்டும் ஏன் வெந்நீர்ல போட்டீங்க?"

கஞ்சிக்கு முகம் தொங்கிவிட்டது. துணிக்குத் தெரிந்த நியாயம் ஆளுக்கும் உண்டு என்பது அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை. பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கிற பொறுமை துணி விஷயத்தில் மட்டும்தான் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அன்றைக்கே அவர் அவள் ஷிஃப்டை மாற்றிக்கொடுத்து, டாக்டரைப் பார்க்கச் சொன்னார். கூடப் போகச் சொல்லி எனக்கும் லீவு கொடுத்தார், நான் கேட்காமலே.

அந்த லேடி டாக்டர் அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "தீ அணைஞ்சிடுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். உங்க உடம்புக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரல. நரம்பெல்லாம் இன்னும் அந்த ரூமுக்குள்ளதான் உக்காந்திருக்கு." பேசுவதற்கு ஒரு ஆலோசகரிடம் போகச் சொல்லி எழுதிக்கொடுத்தாள். அதோடு யோகாவும் மூச்சுப் பயிற்சியும் சேர்ந்து செய்தால் நல்லது, ஆனால் இந்த மாதிரிப் பயத்தைப் பற்றித் தெரிந்தவர்களிடம் போங்கள் என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை நாங்கள் காதில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

யோகா என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று ஓட்டலுக்குப் பக்கத்திலேயே ஒரு இடத்துக்குப் போனோம். சுவர் முழுக்கக் கண்ணாடி, வாசனைப் புகை, கழுத்தில் மைக் மாட்டிய ஒரு இளைஞன். "கண்ணை மூடுங்க. மூச்சை நல்லா உள்ள இழுங்க. நிறுத்துங்க. நிறுத்துங்க." நான் ஒரு கண்ணால் அக்காவைப் பார்த்தேன், முகம் சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டிருந்தது. துணி அறைத் தரையில் அவள் செய்ததும் இதே இரண்டு காரியம்தானே. அதற்குள் அந்தப் பையன் பின்னாலிருந்து வந்து, தோளைத் தளர்த்துங்கள் என்று அவள் தோளை அழுத்தினான். அக்காவின் முழங்கை போய் அவன் மூக்கில் இறங்கியது. அவள் செருப்பில்லாமல் படியில் இறங்கி ஓட, இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நான் ஓட, தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் பாவம், மூக்கைப் பிடித்துக்கொண்டு மன்னிப்பு வேறு கேட்டான்.

ஆலோசகர்தான் பிறகு சரியான இடம் சொன்னாள். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு வெறும் அறை. டீச்சர் எங்களைவிட வயசில் சின்னவள், முன்பு ஆம்புலன்சில் நர்ஸாக இருந்தவள். நாங்கள் நுழைந்ததும் வணக்கத்துக்கு அடுத்ததாக அவள் சொன்னது இதுதான்: "எங்க உக்காரணும்னு நீங்களே பாத்து உக்காருங்க. கதவு திறந்தேதான் இருக்கும். நான் யாரையும் தொடமாட்டேன். கண்ணை மூட வேண்டாம். எது பிடிக்கலையோ நிறுத்திடுங்க, ஏன்னு கேக்க மாட்டேன்."

அக்கா கதவை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் தோள் ஒரு விரல்கடை இறங்கியதை நான் பார்த்தேன்.

பல வாரம் அங்கே நடந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? பாதத்தைத் தரையில் பதித்து அழுத்துவது. கழுத்தை மெதுவாகத் திருப்பி, அறையில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது. கை ஊன்றி மண்டிபோட்டு முதுகை மெல்ல வளைப்பது, நிமிர்த்துவது. அவ்வளவுதான். எனக்குப் பொறுமை போய்விட்டது. "இதுக்குப் பேரு யோகாவா டீச்சர்? இத நான் பஸ் ஸ்டாப்புலயே செய்வேனே" என்றேன்.

"தாராளமா செய்யுங்க, உங்களுக்கும் நல்லது" என்றாள் அவள். வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டது அந்த மாதத்தில் அது எத்தனையாவது தடவையோ. காலை நாற்காலி மேல் தூக்கிவைத்துப் படுக்கச் சொன்ன அன்றைக்கு நான் குறட்டை விட்டதாகவும் புகார் உண்டு, நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மூச்சுக்கு வந்தபோது டீச்சர் இழுப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. "இழுக்கறது தானா நடக்கும். விடறதை மட்டும் பாருங்க. சூடான டம்ளரை ஊதற மாதிரி, மெதுவா, நீளமா. வெளிய போற மூச்சு நீளமானா நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். இப்ப ஆபத்து இல்லைன்னு நரம்புக்கு நாம அனுப்பற தகவல் அது. பேச்சுல சொன்னா அதுக்குக் கேக்காது, இப்படித்தான் சொல்லணும்."

அக்காவுக்கு விடவே வரவில்லை. பாதி போனதும் தொண்டையில் பூட்டு விழுந்துவிடும். அப்போதுதான் நான் சொன்னேன், விரிப்பு உதறும்போதும் இவள் விடுவதில்லை என்று. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வகுப்புக்கு ஒரு விரிப்பு கொண்டுவரச் சொன்னாள்.

கஞ்சியிடம் கேட்டு ஓரம் கிழிந்த ஒன்றை வாங்கிக்கொண்டு போனோம். அந்த அறை நடுவில் நின்று வேலையில் செய்வதுபோலவே மடித்தோம். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இதையே செய்யுங்க. உதறும்போது சத்தம் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்" என்றாள். தெரிந்த வேலை, தெரிந்த ஆள், கையில் தெரிந்த துணி. முதலில் மூக்கால் ஒரு சீறல் மாதிரி வந்தது. பிறகு ஒரு இருமல். பல நாள் அப்படியே போனது. ஒரு மத்தியானம், வகுப்பில்கூட இல்லை, சலவைக்கூடத்தில், ரோலரிலிருந்து வந்த பெரிய விரிப்பை உதறும்போது அவள் பக்கமிருந்து "ஹா" என்று ஒரு சத்தம் கிளம்பியது. விரிப்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் எழும்பி இறங்கியது. கஞ்சி தலையை நீட்டி என்ன என்று பார்த்தார். நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள், அழுதுவிட்டேன். தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

இனி எல்லாம் ஏறுமுகம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகுதான் அவளுக்கு நடுக்கம் வந்தது. காலை நாற்காலியில் வைத்துப் படுத்திருக்கும்போது தொடை உதற ஆரம்பிக்கும், அது இடுப்பு, கை, தாடை என்று ஏறும். கூடவே கண்ணீர். வேலையிடத்தில் சும்மா சும்மா எரிந்து விழுந்தாள். ஒருநாள் கஞ்சியைப் பிடித்து அவள் போட்ட கூச்சலில் என் பெயரை அவளுக்கு மாற்றிவிடலாமா என்று பேசிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"வேணாம் டீச்சர், நான் நிறுத்திக்கறேன்" என்றாள் அக்கா. "கல்லு மாதிரி இருந்தேன். இப்பப் பாருங்க, நல்லா இருந்த காலும் போச்சு."

"கல்லு மாதிரி இருந்தது நல்லா இருந்தது இல்லம்மா" என்றாள் டீச்சர். "அன்னைக்கு ஓடணும்னு உடம்பு நினைச்சுது, ஓட முடியல. பிடிச்சு வச்சிருந்தது இப்ப அவிழுது. தாங்க முடியலைன்னா கண்ணை அகலத் திறந்து என்னைப் பாருங்க, பாதத்தை அழுத்துங்க, எழுந்து நடங்க. நிறுத்தணும்னா நிறுத்தலாம். ஆனா நடுங்கறது தோல்வின்னு மட்டும் நினைக்காதீங்க."

அக்கா அடுத்த வாரமும் வந்தாள்.

மகளுக்கு வயிறு இறங்கத் தொடங்கியதும் முகக்கவசத்தை எடுத்தோம். முதலில் கையில் வைத்துக்கொள்வது மட்டும். பிறகு மோவாய்க்குக் கீழே. பிறகு வாய் வரை, அவளே மாட்டி அவளே கழற்றி. கதவும் அப்படித்தான், ஒவ்வொரு சாணாகச் சாத்தினோம். சாத்துவதும் திறப்பதும் அவள் கைதான், வேறு யாரும் தொடக்கூடாது என்பது டீச்சர் உத்தரவு. முழுக்க மூடி, நான் வெளியே நிற்க, அவள் உள்ளே மெல்ல ஒரு ராகம்போல முனகிக்கொண்டே மூச்சு விட்டு, தானே திறந்துகொண்டு வந்த அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கீழே போய் டீ குடித்தோம்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஓட்டலில் யாரோ புண்ணியவான், சொல்லாமல் கொள்ளாமல் தீயணைப்பு ஒத்திகை வைத்தான். அதே அலாரம். அக்கா தெருவுக்கு வந்துவிட்டாள், ஆனால் ஒத்திகை முடிந்த பிறகும் உள்ளே வரவில்லை. எதிர் நடைபாதையில் நின்றபடி நின்றாள். அன்றிலிருந்து முகக்கவசத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியவில்லை. சிலேட்டை ஈரத் துணியால் துடைத்த மாதிரி எல்லாம் போய்விட்டது. ஒத்திகை வைத்தவனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

வேறு வழியில்லாமல் மகளிடம் சொல்லப் போனோம். மகள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றின் மேல் தட்டை வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். "நான் வெளிய நிக்கறேன்மா. இவ உள்ள வருவா" என்று என்னைக் காட்டினாள்.

"சித்தி வந்தா எனக்குச் சந்தோஷம்தான்" என்றாள் மகள், என்னைப் பார்க்காமல். "ஆனா எனக்கு நீ வேணும். அவரு கடல்ல இருக்காரு. நீயும் வெளிய நின்னா நான் யார் கையைப் பிடிச்சுக்கறது?"

"பிடிச்சுக்க ஆசைதான். அந்தக் கை நடுங்குதேம்மா. பாத்தா உனக்குப் பயமா இருக்காதா?"

மகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுக்குக் கோபம், இவளுக்கு வெட்கம். நடுவில் நான் வெங்காயத்தை உரித்து முடித்தேன்.

வலி வந்தது ஒரு முற்பகலில். ஆஸ்பத்திரியில் அங்கியும் முகக்கவசமும் என் கையில்தான் கொடுத்தார்கள், நான் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். சீனியர் நர்ஸ் கதவைத் திறந்து, "கூட யாரு வர்றீங்க?" என்றாள். மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நான்" என்றாள் அக்கா.

என் மேலிருந்த அங்கியை அவளே கழற்றி மாட்டிக்கொண்டாள். முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. நான் நகத்தைக் கடித்து முடிப்பதற்குள் திறந்தது. கவசம் கையில், உதடு வெளுத்து, சுவரோடு முதுகை ஒட்டி நிற்கிறாள். முடிந்தது என்று நினைத்து நான் அங்கிக்குக் கை நீட்டினேன். அவள் கையைத் தூக்கினாள்.

"இரு."

இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தினாள். தாழ்வாரத்தைச் சுற்றிப் பார்த்தாள். பெஞ்சு, ஜன்னல், தண்ணீர்க் குழாய், நான். பிறகு வாயைக் குவித்து நீளமாக மூச்சை விட்டாள். முதலாவது பாதியில் முறிந்தது. அடுத்தது கொஞ்சம் நீளம் போனது. அதற்கடுத்தது முழுசாகப் போய் முடிந்தது. உள்ளிருந்து மகள் "அம்மா" என்று கத்தினாள்.

அக்கா நர்ஸைப் பார்த்துச் சொன்னாள்: "நான் ஒரு தீயில மாட்டினவம்மா. கதவு மூடினா எனக்கு உடம்பு நிக்காது. ஒரு சாண் திறந்திருந்தா நான் உள்ள இருப்பேன். கவசம் கட்டிக்கறேன், நீங்க சொல்றது எல்லாம் கேக்கறேன். அது ஒண்ணு மட்டும் விடுங்க."

முன்பின் தெரியாத ஒருத்தியிடம், யாரும் கேட்காமல் அவளாகவே அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பிரசவ ரூமைத் திறந்து போட முடியுமாம்மா? ஆளுங்க நடமாடற வழி" என்றாள் நர்ஸ்.

"நான் கதவுல நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்" என்றேன். "என்னைத் தாண்டி உள்ள யாராவது பாக்க முடியுமான்னு நீங்களே சொல்லுங்க."

நர்ஸ் என்னை மேலிருந்து கீழ்வரை, பிறகு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை அளந்தாள். "திரும்பிப் பாக்கக் கூடாது" என்றாள்.

அப்படித்தான் கதவிடுக்கில் தாழ்வாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். வாழ்க்கையில் என் பருமன் ஒரு காரியத்துக்கு உதவியது அன்றைக்குத்தான். உள்ளே நடந்ததைக் காதால் கேட்டேன்.

"அம்மா, உன் கை நடுங்குது."

"ஆமா, நடுங்குது. பிடிச்சுக்கோ."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆவுது. ஆனா இங்கதான் இருக்கேன். மூச்சை விடு. இழுக்காத, விடு."

இரண்டு பேரும் சேர்ந்து விட்டார்கள். சில சமயம் மகள் முந்திக்கொண்டாள், சில சமயம் அம்மா. நடுவில் ஒருமுறை அக்கா எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று, இடுக்கு வழியாகத் தாழ்வாரத்தைப் பார்த்து இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியம், வாய் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது.

மத்தியானம் சாய்ந்து குழந்தை அழுதது. பெண். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொன்னார்கள்தான், பார்த்தேன். மகளைக் கவனிக்க வேண்டியிருந்ததால் நர்ஸ் குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, அக்காவிடம் நீட்டப் போனவள் பாதியில் நின்றாள். அக்காவின் இரண்டு கையும் நன்றாகத் தெரியும்படி உதறிக்கொண்டிருந்தன.

"இந்தக் கையில எப்படிம்மா குடுக்கறது?"

"நடுங்கத்தான் செய்யும்" என்றாள் அக்கா. "நான் உக்காந்துக்கறேன். மடியில வையுங்க."

சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, காலை மடக்கி மடியைக் காட்டினாள். நர்ஸ் குனிந்து குழந்தையை அதில் வைத்தாள். அக்கா இரண்டு கையையும் அதைச் சுற்றி அணைகட்டினாள். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. குழந்தை அதைக் கண்டுகொள்ளவில்லை, அழுகையை நிறுத்திவிட்டு வாயைச் சப்பியது. மகள் கட்டிலிலிருந்து தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண் மறைத்தது, துடைத்துக்கொண்டேன்.

நர்ஸ் தாழ்வாரப் பக்கம் கையைக் காட்டினாள். "குழந்தைக்குக் காத்து படுதும்மா. ஈர உடம்பு, குளிரும். கதவைச் சாத்தியே ஆகணும்." பிறகு, என்ன நினைத்தாளோ, "வேணும்னா குழந்தையை நான் வேற ரூமுக்குக் கொண்டுபோறேன்" என்றாள்.

அக்கா மடியைப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண் நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

"சாத்துடி" என்றாள்.

நான் எழுந்து நாற்காலியை நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். கைப்பிடியை விடாமல் வெளியே நின்றேன். நெடுநேரம் நின்றேன். உள்ளேயிருந்து யாரும் திறக்கச் சொல்லவில்லை.